கூமராவின் வாய்ப்பூட்டு

வைகாபுவா
19 ஏப்ரல் 1998

அன்புள்ள திபெனெ,

இது இரண்டாவது கடிதம். முதல் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது என்று உன் படகு முதலாளி பெர்சியின் மனைவி போனில் சொன்னாள். நீ அதைப் பிரிக்காமல் ஜன்னலோரம் வைத்திருக்கிறாய் என்றும் சொன்னாள். உன்னைக் கூப்பிடச் சொன்னதற்கு, போனில் என் குரலைக் கேட்டால் கத்திவிடுவாய் என்று நீ சொல்லச் சொன்னதாகச் சொன்னாள். சரி. காகிதத்திடம் யாரும் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மேட்டுக்குப் போகும் பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்துவிட்டது. என் வலது முழங்கால் முன்பு போல இல்லை. பறவைகளைக் காக்க வைத்த பொறிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் காலணியைக் கழற்றக் கூடத் தெம்பில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். கூமரா மட்டும் எனக்கும் சேர்த்து உற்சாகமாக இருக்கிறான். இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது அவன் ஒருவன்தான் நாய். ஊர்க் கூட்டத்துக்குப் பிறகு எல்லோரும் தங்கள் நாய்களை ஊருக்கு வெளியே உறவுக்காரர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். கிவிப் பறவைகளைத் தேடப் பழக்கிய நாய் என்பதால், அதுவும் வாய்ப்பூட்டோடுதான் காட்டுக்குள் போகும் என்பதால், அவனை மட்டும் விட்டு வைத்தார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே சொல். ஒன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த பறவை அந்தக் கிழவன். எத்தனை முறை அவனை மடியில் வைத்து அலகை அளந்திருக்கிறேன். பிப்ரவரியில் அந்த வெள்ளிக்கிழமை அவன் காலில் கட்டிய ரேடியோ கருவி இரண்டு மடங்கு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கும்போது நிதானமாக அடிக்கிறது, செத்தபின் எதற்கு இந்த அவசரம் என்று நீ ஒரு முறை கேட்டுச் சிரித்தாயே, அதே சத்தம். அதைக் காதில் வைத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் நடந்தேன். நெஞ்சு நொறுங்கிக் கிடந்தான். வளைக்குள் அவன் அடைகாத்த இரண்டு முட்டையும் சில்லிட்டுப் போயிருந்தன. பள்ளத்தாக்கின் பறவைக் கணக்கு முப்பத்தொன்று முப்பதாகிவிட்டது.

உன் நாய் சார்ஜன்ட் அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சங்கிலியை அறுத்துக்கொண்டு மேட்டில் திரிந்ததை ஹோஹேபா மாமா தன் கண்ணால் பார்த்திருக்கிறார். நான் கற்பனை செய்யவில்லை. ஊர் கூடும் மராயே கூடத்தில் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று உன் நாயைச் சொல்வது எனக்கு இனித்ததா? கொன்ற நாயை அதன் சொந்தக்காரனே மூன்று நாளில் முடித்துவிட வேண்டும் என்று கூட்டம் சொன்னது. மறுநாள் காலை நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. மூன்று நாள் இருக்க, நீ மூன்று மணி நேரம்கூட யோசித்திருக்க மாட்டாய். அடுத்த வாரமே கடல் தாண்டிப் போய்விட்டாய்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நவம்பர் 28, சனிக்கிழமை, அம்மாவின் கல்லறைக் கல்லுக்குத் துணி விலக்குகிறோம். கல் வெட்டக் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் நாம் இரண்டு பேர்தான். துணியின் ஒரு முனையை நீ பிடிக்க வேண்டும், ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதினேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? என்ன சாப்பிடுகிறாய்?

உன் அக்கா
மெரெயானா


ஓவெங்கா, சாத்தம் தீவு
11 மே 1998

அக்காவுக்கு,

இரண்டையும் பிரித்துவிட்டேன். பெர்சியின் மனைவிக்கு வாய் நீளம்.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறாய். வெக்கா சாப்பிடுகிறேன். ஆமாம், நீ படித்தது சரிதான். உன் கிவிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும் அந்தப் பறக்காத வெக்காதான். அங்கே ஒன்றைத் தொட்டால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. எந்தக் காலத்திலோ எவனோ கப்பலில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். வீட்டு வாசலில், படகுத்துறையில், கழிப்பறையில் எங்கே பார்த்தாலும் அதுதான். கொழுப்பு அதிகம். முதல் கொதியைக் கொட்டிவிட்டு மறுபடியும் வேக வைக்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் சாப்பாடு. முதல் துண்டை வாயில் வைத்தபோது உன் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டேன்.

வேலை பரவாயில்லை. சிங்கி இறால் கூடுகளை ஏற்றி இறக்கி முதுகு கழன்றுவிட்டது. காற்று ஓய்வதே இல்லை. வாரம் இரண்டு விமானம், அதுவும் மூடுபனி விட்டால்தான். யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. அது பிடித்திருக்கிறது.

கூடத்தில் நானும் எழுந்து நின்றேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓடினான், திரும்பி வந்தபோது வாயில் ரத்தமும் இல்லை, இறகும் இல்லை என்று சொன்னேன். யார் காதில் விழுந்தது? பறவை என்றால் நீ. பன்றி வேட்டைக்காரன் எதைப் பேசினாலும் பன்றிப் பேச்சு. பன்றியின் காதைப் பிடித்து நான் வரும்வரை நிறுத்தி வைக்கும் நாய் அவன். சொன்னால்தான் கடிப்பான். ஏழு வருஷம் என் காலடியில் படுத்தவன். அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் பறவைக் கணக்கில் ஒன்று குறைந்தது. என் வீட்டுக் கணக்கில் இருந்ததே ஒன்றுதான்.

நவம்பரில் வரமாட்டேன். துணியின் இரண்டு முனையையும் நீயே பிடித்துக்கொள். எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பிடிப்பது உனக்குப் பழக்கம்தானே.

திபெனெ


வைகாபுவா
28 ஜூன் 1998

அன்புள்ள திபெனெ,

வெக்கா தின்றதை நீ எனக்கு வலிக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறாய். வலிக்கவில்லை. சிரிப்புதான் வந்தது. பிறகு சேர்ந்து சிரிக்க யாருமில்லையே என்று இருந்தது.

நான்கு நாளாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன். அதனால் முதலில் மற்ற செய்திகள். ஆண் பறவைகள் அடைகாக்கத் தொடங்கிவிட்டன. ஆறு வளை இதுவரை கண்டுபிடித்திருக்கிறேன், அதாவது கூமரா கண்டுபிடித்தான். குயினி அத்தை தான் பின்னும் இறகு மேலாடைக்குக் கரை கட்டக் கிழவனின் இறகைக் கேட்டு மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். "நீ வச்சிருக்கறது பறவைக்கு ஐஸ்பெட்டியா, இல்ல பூட்டுப் போட்ட பேங்க்கா?" என்று கேட்டாராம். எதனால் செத்தது என்று ஆய்வுக்கூடத்துத் தாள் வந்தால்தான் இறகைக் கொடுக்கலாம் என்பது சட்டம். அதற்காகத்தான் உடலை மார்ச் மாதமே தெற்கே அனுப்பியிருந்தேன்.

அந்தத் தாள் புதன்கிழமை வந்தது, கிழவனின் உடலும் கூடவே திரும்பி வந்தது.

நாய்தான். அதில் சந்தேகமில்லை. உனக்கே தெரியும், பறக்காத பறவைக்கு மார்பெலும்பு பலமாக இல்லை. விளையாட்டாகக் கவ்வினாலே உள்ளே நொறுங்கிவிடும். வெளியே ரத்தம் வரவேண்டும் என்றுகூட இல்லை. தோலில் இரண்டு பல்தடம் மட்டும் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருபத்தொன்பது மில்லிமீட்டர். சிறிய வாய் உள்ள நாய் என்று எழுதியிருக்கிறார்கள்.

சார்ஜன்டுக்குப் பெரிய வாய் என்பது எனக்கும் நினைவிருக்கிறது. எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கலாம். பிப்ரவரியில் கடற்கரையில் கூடாரம் போட்டவர்கள் யாராவது சின்ன நாய் கொண்டுவந்திருப்பார்களோ என்று விசாரிக்கிறேன். இரண்டு குடும்பம் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அது இருக்கலாம்.

இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. குயினி அத்தைக்கு இறகைக் கொடுத்துவிட்டேன்.

மெரெயானா


ஓவெங்கா
20 ஜூலை 1998

அக்காவுக்கு,

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் ரப்பர் பூட்ஸை அதன் மேல் வைத்துப் பென்சிலால் இரண்டு புள்ளி குத்தியிருக்கிறேன். சார்ஜன்ட் ஒரு வயதாக இருக்கும்போது, நான் போட்டிருந்த பூட்ஸையே பன்றி என்று நினைத்துக் கவ்வினான், ஞாபகம் இருக்கிறதா? அம்மா சைக்கிள் டியூப் துண்டை வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். அந்த ஒட்டை இன்று பிய்த்துவிட்டேன். இப்போது இடது காலில் தண்ணீர் போகிறது. இரண்டு ஓட்டைக்கும் நடுவில் நாற்பத்தாறு மில்லிமீட்டர். அதுவும் ஒரு வயதில்.

கூடாரக்காரர்கள் என்கிறாய். கூடாரக்காரர்களின் நாய் கடற்கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் மேடேறி, கிழவனின் வளையைத் தேடிப் பிடித்துவிட்டு, மறுபடி இறங்கிப் போய் மணலில் படுத்துக்கொண்டதா? கிவியின் வாசனை பிடித்துப் போகத் தெரிந்த சின்ன வாய்க்காரன் உன் பள்ளத்தாக்கில் எத்தனை பேர்? நான் சொல்லமாட்டேன். எண்ணுவது உன் வேலை, நீயே எண்ணு.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். சார்ஜன்டின் கழுத்துப்பட்டையை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். காற்றில் விழுந்திருக்கிறது. அதன் பித்தளைத் தகடு பளபளப்பதைப் பார்த்து ஒரு வெக்கா தூக்கிக்கொண்டு குடிசைக்கு அடியில் ஓடிவிட்டது. கரண்டி, சோப்பு, பெர்சியின் பல்செட் வரைக்கும் திருடும் ஜாதி அது. மழைச் சேற்றில் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனேன். மூலையில் நின்று என்னைப் பார்த்தது. இந்தப் பறவைக்குப் பயமே கிடையாது. பட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். பிறகு வெளியே வரத் தோன்றவில்லை. அந்தச் சேற்றிலேயே கிடந்து அழுதேன். அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை. அந்தத் திருட்டுப் பறவையும் போகாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு என் பக்கத்தில் அவ்வளவு நேரம் நின்றது அது ஒன்றுதான். அதற்கப்புறம் நான் வெக்கா சாப்பிடவில்லை.

நீ காகிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுது. கூடத்தில் நின்று சொன்னதைக் கூடத்தில் நின்றுதான் திரும்ப எடுக்க வேண்டும். அது நம் ஊர் வழக்கம், நான் உண்டாக்கியது இல்லை. அவன் பெயரை எந்தக் கூரைக்குக் கீழே கெடுத்தாயோ அதே கூரைக்குக் கீழே.

திபெனெ


வைகாபுவா
30 ஆகஸ்ட் 1998

திபெனெ,

எண்ணிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே அளந்துவிட்டேன். கிவியின் அலகை அளக்கும் கருவியாலேயே அளந்தேன். கூமரா அசையாமல் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான், ஏதோ பிஸ்கட் தரப்போகிறேன் என்று. இருபத்தொன்பது. மூன்று முறை அளந்தேன்.

நடந்ததை எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரி பத்து, செவ்வாய்க்கிழமை. அந்த வெயில் உனக்கு நினைவிருக்கும், தண்ணீர்த் தொட்டிகூட வற்றிப்போன வாரம். வாய்ப்பூட்டின் வார் உரசி உரசி கூமராவின் மூக்கின் மேல் புண்ணாகியிருந்தது. ஈ மொய்த்தது. ஓடையோரம் உட்கார்ந்தபோது, தண்ணீர் குடிக்கட்டும் என்று கழற்றினேன். பதினோரு வருஷத்தில் காட்டுக்குள் ஒரு நாள்கூடக் கழற்றியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நானே மணிக்கணக்காகச் சொல்லிக் கொடுக்கும் விதி அது. நாய் நல்ல நாயா என்பது கேள்வி இல்லை, நாய்க்கு வாய் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று நானே சொல்வேன். அன்றைக்கு எனக்குக் களைப்பு. வேறு ஒன்றுமில்லை. காலணியைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்துக் கண்ணை மூடினேன். பத்து நிமிடம் இருக்கும். கண்ணைத் திறந்தபோது கூமரா இல்லை. கூப்பிட்டவுடன் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டான். வாயில் ஒன்றுமில்லை. கிவி வாசனை அடித்தது, ஆனால் அது அவன் மேல் எப்போதுமே அடிக்கும். வாய்ப்பூட்டை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கருவி வேகமாக அடித்தபோது கிழவனைத் தேடிக் காட்டியதும் அவன்தான். எங்கும் முகராமல் நேராகக் கூட்டிப்போனான். என்ன நாய் என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

தெரிந்தே உன் நாயைச் சொன்னேனா என்று நீ கேட்பாய். தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. சார்ஜன்டை மேட்டில் பார்த்ததாக மாமா சொன்னவுடன் எனக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்றது. அந்த அப்பாடாவை நான் அன்றைக்கே நிறுத்திக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எழுந்து நின்று பேசிவிட்டேன். நன்றாகவும் பேசினேன். கூடம் முழுக்கத் தலையாட்டியது.

இப்போது நீ அதே கூடத்தில் எழுந்து நிற்கச் சொல்கிறாய். நின்றால் கூமராவுக்கும் அதே தீர்ப்புதான். நான் பேசித்தான் கூட்டம் போட்ட விதி. ஒன்பது ஆண் பறவை முட்டை மேல் உட்கார்ந்திருக்கின்றன. கருவி கட்டாத பறவைகளை அவன் இல்லாமல் என்னால் தேட முடியாது. புது நாய் பழக்க இரண்டு வருஷம் ஆகும். இந்த வேலையை என்னிடமே விட்டு வைப்பார்களா என்பதும் தெரியாது. இதெல்லாம் சாக்கு என்று எனக்கே தெரிகிறது. உண்மையைச் சொன்னால், அவன் இல்லாத வீட்டுக்குள் நுழைய எனக்குத் தைரியமில்லை. உனக்கு அந்த வீட்டைக் கொடுத்தது நான்தான்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதியிருக்கிறேன். காகிதம் போதாது என்பாய். முட்டை பொரியும்வரை எனக்குக் கொஞ்ச நாள் கொடு.

மெரெயானா


ஓவெங்கா
21 செப்டம்பர் 1998

அக்கா,

படித்தேன். மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று பெர்சியிடம் சொன்னேன்.

திட்டலாம் என்று நாலு தாள் எழுதினேன். அடுப்பில் போட்டுவிட்டேன். எனக்கும் களைப்பாக இருக்கிறது.

மாமாவுக்கு நானே போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது என் வாயிலிருந்து வந்தால் ஒன்றுக்கும் உதவாது. கூமரா சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாயைப் புதைத்தவன் இன்னொரு நாயைக் கேட்கமாட்டான். சார்ஜன்டின் பெயர்தான் எனக்கு வேண்டும்.

எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். நீ எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறாய் என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

திபெனெ


வைகாபுவா
9 நவம்பர் 1998

அன்புள்ள திபெனெ,

நேற்று நின்றுவிட்டேன்.

அம்மாவின் கல்லுக்கு யார் சமைப்பது, எத்தனை மெத்தை வேண்டும் என்று பேசக் கூடியிருந்தார்கள். எல்லாம் முடிந்து டீ குடிக்க எழப்போகும் நேரம். எழுந்தேன். பிப்ரவரியில் நின்ற அதே தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சார்ஜன்ட் கொல்லல. கொன்னது என் கூமரா. வாய்ப்பூட்ட அவுத்து விட்டது நான். என் தம்பி சொன்னது நெசம், நான் சொன்னது பொய்" என்று சொன்னேன். இதைவிட அழகாக எழுதி வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

குயினி அத்தை பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஹோஹேபா மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, "மேட்டுல பாத்தேன்னுதான் நான் சொன்னேன். கடிச்சத பாத்தேன்னு சொல்லல. ஆனா நீங்க எல்லாம் அப்படி எடுத்துக்கிட்டப்ப நான் வாயத் தொறக்கல" என்றார். அதற்கப்புறம் அவர் ஒன்று செய்தார். நாம் பெரியவர்களுக்குச் செய்வது போல, சார்ஜன்டின் பெயரைச் சொல்லி விடை கொடுத்து ஒரு பாட்டு எடுத்தார். ஒரு பன்றி நாய்க்கு! எல்லோரும் எழுந்து நின்று கூடப் பாடினார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். யாரும் சிரிக்கவில்லை.

விதி விதிதான். கூமராவை நவம்பர் 28க்கு முன்னால் முடித்துவிட வேண்டும். சொந்தக்காரியே செய்ய வேண்டும். யாரும் கடுமையாகச் சொல்லவில்லை. நானே சொல்லி அவர்கள் சரி என்றார்கள். வேலையில் என்னை வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு பேசுவார்களாம்.

இன்று காலை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போனேன். வேலைக்குப் போகிறோம் என்று நினைத்து, வாய்ப்பூட்டைத் தானே கவ்விக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். மாட்டிவிடச் சொல்லி மூக்கை நீட்டினான். திரும்பி வந்துவிட்டேன்.

நீ எப்படிச் செய்தாய், திபெனெ? ஒரே இரவில் எப்படி முடிந்தது? இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை என்று தெரியும். வேறு யாரிடமும் கேட்க முடியாது. வருகிறாயானால், இருபத்தெட்டுக்கு முன்னாலேயே வா. என்னால் ஆகாவிட்டால் நீ கூட நில்.

முட்டை ஏழு பொரிந்தது.

உன் அக்கா
மெரெயானா


ஓவெங்கா
16 நவம்பர் 1998

அக்கா,

விமானம் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறது, விமானியிடம் இதைக் கையில் கொடுக்க வேண்டும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கூமராவைத் தொடாதே. துப்பாக்கியை மாமா வீட்டில் கொடுத்துவிடு. நேற்று மாமாவுக்குப் போன் செய்தேன். சார்ஜன்டுக்குப் பாடியதை நீ எழுதினாய் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். பிறகு கேட்டேன்: "மாமா, அந்தச் சின்னவன இங்க கூட்டிட்டு வந்துடறேன். இங்க கிவி கிடையாது. வெக்காதான் இருக்கு, அதையும் நாங்களே திங்கறோம். ஒன்னு ரெண்டக் கவ்வினா பெர்சி அவனுக்கு நன்றி சொல்லுவான்." மாமா நிறைய நேரம் யோசித்தார். கடைசியில், "பள்ளத்தாக்க விட்டுப் போனாப் போதும்டா. கூட்டத்துகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். நேற்று மாலையே பேசிவிட்டார். சரி என்றார்களாம்.

வியாழக்கிழமை விமானத்தில் வருகிறேன். அம்மாவின் துணியில் என் முனையை நான் பிடிக்கிறேன். திரும்பும்போது கூமரா என்னோடு வருவான். அவன் இல்லாத வீடு உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை வந்து அவனைப் பார். வெக்கா சமைத்துத் தரமாட்டேன், பயப்படாதே.

எப்படிச் செய்தாய் என்று கேட்டாய். சொல்கிறேன். மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். அந்த மூன்று நாளில் யாரிடமாவது கேட்டிருந்தால் அவனுக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கும். பெர்சிக்கு ஒரு போன் போட்டிருந்தாலே போதும், அப்போதே இங்கே வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அது தோன்றாமல் இல்லை, அக்கா. விடியும்போது தோன்றியது. ஆனால் நீ சமையலறையில் இருக்கும் நேரம் எனக்குத் தெரியும். நீ கேட்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் சுட்டேன்.

உன் தம்பி
திபெனெ